வெறுங்கை நடை

முதல் வாசலைத் தாண்டியதும் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. கட்டுவதற்குக் குனிந்தபோதுதான் அளவுக்காரர் அந்த வட்டத்தைப் பார்த்தார். வலது கைப் பக்கம், இடிந்த மதிலின் அடியில், முழங்கால் உயரத்தில், சாக்பீஸால் போட்ட வெள்ளை வட்டம். நடுவில் ஒரு புள்ளி. லேஸைக் கட்டி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பத்துப் படி மேலே போயிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, மூச்சு வாங்குதா?"

"லேஸ்" என்றார் அளவுக்காரர்.

அந்த மலைக்கு வருகிறவர்களில் வேறு யாராக இருந்தாலும் ஏதோ பிள்ளைகள் கிறுக்கியது என்று போயிருப்பார்கள். அவரால் அப்படிப் போக முடியவில்லை. ஏனென்றால் அந்த வட்டத்தை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

இதைப் புரிந்துகொள்ள அவர்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் கண்ணாடிக்காரர்கள். மூக்கில் மாட்டும் கண்ணாடி இல்லை, கட்டடத்தில் மாட்டும் கண்ணாடி. கடை முகப்பு, ஆபீஸ் தடுப்பு, மாடி வீட்டு ஜன்னல். லிஃப்டுக்குள் நுழையாத பெரிய கண்ணாடியை மாடிப்படி வழியாகக் கையில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பேர் தூக்குவார்கள், மூன்றாவது ஆள் முன்னால் நடந்து, "படி, படி, இடது பக்கம் திருப்பம், தலைக்கு மேல பைப்பு" என்று வழி சொல்லுவார். தூக்குகிறவர்களுக்குக் காலடியைத் தவிர வேறொன்றும் தெரியாது. வழி சொல்லுகிறவர் வாயில்தான் அவர்கள் உயிர் இருக்கிறது.

அதற்கு முந்தைய நாள் ஒரு வேலை உண்டு. கண்ணாடி இல்லாமல், வெறுங்கையோடு, அந்த வழி முழுவதையும் ஒருமுறை நடந்து பார்ப்பது. வெறுங்கை நடை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கே கை சோரும், எங்கே சாய்த்து வைக்கச் சுவர் இருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைக்க வேண்டும். இங்கே இறக்கி வை என்று அர்த்தம். திருப்பத்துக்கு ஒரு கோடு. கொண்டுபோகவே முடியாத இடமென்றால் பெருக்கல் குறி. பெருக்கல் போட்டால் போட்டதுதான், கட்டட முதலாளியே வந்து நின்று குதித்தாலும் கண்ணாடி அதைத் தாண்டாது. குனிந்து தூக்குகிறவர் கண்ணில் படுவதற்காக எல்லாக் குறியும் முழங்கால் உயரத்தில். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், முடியும்வரை தொடக் கூடாது. இந்தச் சட்டதிட்டமெல்லாம் அளவுக்காரர் போட்டது. இருபத்திரண்டு வருஷமாக வெறுங்கை நடையை அவர் ஒருவர்தான் நடந்திருக்கிறார். அவர் சட்டைப் பையில் சாக்பீஸ் இல்லாத நாள் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

அப்படியிருக்க, அவர் வாழ்க்கையில் கால் வைத்திராத ஒரு மலையில், அவருடைய வட்டம் எப்படி வந்தது?

அவர் எழுந்து, கைத்தூசியைத் தட்டிவிட்டு, ஒன்றும் பார்க்காதவர் மாதிரி ஏற ஆரம்பித்தார். முன்னால் போன இருவரையும் முதுகுப் பக்கமாகப் பார்த்தார். குட்டையாய், ஒல்லியாய், கையை ஆட்டிக்கொண்டு போகிறவன் ரேடியோ. வாய் ஓயாததால் வந்த பெயர். கண்ணாடியின் முன்பக்கத்தைத் தூக்குகிறவன். அவனுக்குப் பக்கத்தில் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்போடு போகிறவன் தூண். பள்ளிக்கூடத்தில் அளவுக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அவரை வாடா போடா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம்.

சந்தேகப்படுவது அளவுக்காரருக்குப் பிறவிக் குணமில்லை, தொழில் கொடுத்தது. பார்வைக்கு நேராக நிற்கிற எந்தச் சுவரும் நேராக இல்லை என்பது அவருக்குத் தெரியும். மேலே ஒரு அளவு இருக்கும், கீழே ஒரு அளவு இருக்கும். வீட்டுக்காரர் சொல்கிற அளவை நம்பிக் கண்ணாடி வெட்டினால் தலையில் துண்டுதான். அதனால் எதையும் மூன்று இடத்தில் அளப்பார். மனிதர்களையும் அப்படித்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மூன்றாவது மாடியில் ஜன்னல் அளந்துகொண்டிருந்தவர் டேப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் யாரோ ஸ்க்ரூ முறுக்குவது போல இருந்தது. தூண்தான் மூன்று மாடியும் தோளில் போட்டு இறக்கினான். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது கடையில் அவருக்காக ஒரு புது நாற்காலி போட்டிருந்தார்கள். மெத்தை வைத்தது, சுழலக்கூடியது. "நீங்க ஃபோனை மட்டும் பாத்துக்கங்க அண்ணே, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றான் ரேடியோ. அளவுக்காரர் அந்த மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ஒரு ஆளை வெளியே தள்ளுவதற்கு முன்னால் உட்காரத்தான் வைப்பார்கள்.

அவர் பயப்பட்டது சாவுக்கு அல்ல. அதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒருமாதிரி பேசி முடித்துக்கொண்டார். நாளைக் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அந்த இரண்டு பேருக்கும் தான் தேவையா இல்லையா என்பதுதான் அவரை அரித்தது.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த அரிப்பு முற்றிவிட்டது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஃபோன் போட்டார், இரண்டும் அணைந்திருந்தன. மனைவியும் தங்கை வீட்டுக்கு என்று காலையிலேயே கிளம்பிவிட்டிருந்தாள். திங்கட்கிழமை கடை வேன் சக்கரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. ஊருக்குள் செம்மண் எங்கே இருக்கிறது? கேட்டதற்கு ரேடியோ, "அதுவா, சும்மா ஒரு ரவுண்டு போனோம்" என்று ஐந்தே சொல்லில் நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்துகிற ஆளா? கண்ணாடி தூக்கும் அகலப் பட்டை, தோளில் மாட்டுகிறது, ஆணியில் இல்லை. புதன்கிழமை பார்த்தால் திரும்ப வந்திருந்தது, துவைத்து வைத்த மாதிரி.

வீட்டிலும் சரியில்லை. தங்கை வீட்டுக்குப் போய்வந்த மனைவி மூன்று நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். "அவ வீட்டுப் பரணை ஏறி இறங்கிச் சுத்தம் பண்ணோம்" என்றாள். காலண்டரில் வருகிற வியாழக்கிழமையைச் சுற்றிப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டிருந்தாள். அவள் எந்தத் தேதியையும் ஒரு சுற்றில் விடமாட்டாள், இரண்டு சுற்று சுற்றினால்தான் நிம்மதி. "வியாழக்கிழமை என்ன?" என்று கேட்டார். "கேஸ் தீந்துரும்" என்றாள். சிலிண்டர் மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

இந்தப் பயணமே அவர் கேட்டதுதான், அதில் சந்தேகமில்லை. கடைச் சுவரில் இருபது வருஷமாக ஒரு ஃபோட்டோ தொங்குகிறது. எவரோ சட்டம் போடக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனது. மலை உச்சியில் ஒரு பாழடைந்த மண்டபம், கூரை இல்லை, சுவரில் பாதி இல்லை, ஆனால் ஒரு பெரிய ஜன்னல் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பக்கம் வெறும் வானம். "அதுக்கு ஒரு நாள் அளவெடுக்கப் போவோம்" என்று இருபது வருஷமாக அது அவர்களுக்குள் ஒரு கேலி. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் அவர், "அந்த ஜன்னலை நேர்ல பாக்கணும்டா" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்தும்விட்டார். முந்தாநாள் ரேடியோவே பேச்சை எடுத்தான், "போலாமா அண்ணே? நாங்களும் இதுவரைக்கும் போனதில்ல."

போனதில்லை. காலையில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவன் ரேடியோவைப் பார்த்து, "வாங்க சார், திரும்பவும்..." என்று வாயெடுத்தான். "மூணு டிக்கெட், மூணு டிக்கெட்" என்று ரேடியோ ஜன்னலுக்குள் தலையையே விட்டுவிட்டான். கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. உச்சி மண்டபத்துச் சுவரோவியங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி பொருத்தும் பணி விரைவில் தொடங்கும் என்று அதில் எழுதியிருந்தது. அளவுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். அப்போதே பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியை இந்த வட்டம் புரியவைத்தது.

வேலை எடுத்திருக்கிறார்கள். இருபது வருஷமாகத் தான் பார்த்துக்கொண்டிருந்த மண்டபத்தில், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். வெறுங்கை நடையையும் தாங்களே நடந்துவிட்டார்கள். தன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது மலை காட்டவா, அல்லது மேலே உட்கார வைத்து, "அண்ணே, இனிமே நீங்க வீட்லயே இருங்க" என்று நல்ல காற்றில் சொல்லிவிடவா?

இரண்டாவது வட்டம் ஐம்பது படி தள்ளி இருந்தது. மூன்றாவது நாற்பதில். அவர் படி எண்ணுவதை நிறுத்தவே முடியாத ஆள், எண்ணிக்கொண்டே வந்தார். வட்டம் போட்டது தூணின் கை இல்லை, அவனானால் கல்லையே அழுத்தித் துளைத்திருப்பான். ரேடியோவின் கை. முடிக்கும் இடத்தில் ஒரு வால் தொங்கியது, அவன் பேச்சு மாதிரியே. வட்டத்தைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவனெல்லாம் வழி சொல்லக் கிளம்பிவிட்டான் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. இன்னொரு விஷயம். ஒவ்வொரு வட்டம் வந்ததும் ரேடியோவுக்கு ஏதாவது ஒன்று நேர்ந்தது. ஒரு இடத்தில் தண்ணீர் தாகம், ஒரு இடத்தில் ஷூவில் கல், ஒரு இடத்தில் "அண்ணே, இந்தக் கல்லைப் பாருங்க, எப்படிச் செதுக்கியிருக்கான்!" என்று ஆச்சரியம். அது சாதாரணப் பாறை, எவனும் அதைச் செதுக்கவில்லை.

"நல்லா இருக்கு" என்று அளவுக்காரர் அங்கே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி கணக்குப் போட்டார். ஐம்பது, நாற்பது, நாற்பது, முப்பது. இவ்வளவு நெருக்கமாக இறக்கி வைக்க வேண்டுமென்றால் கண்ணாடி கனமானது. ஏழடிக்கு நாலடி, பன்னிரண்டு மில்லி. எழுபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. இந்தப் படியில் அதை இரண்டு பேர் ஏற்றுவது முட்டாள்தனம். நாலு பேர் வேண்டும். அப்படியென்றால் புது ஆளும் பேசி வைத்திருக்கிறார்கள். தனக்குப் பதிலாக ஒருவன். அவன் முகம்கூட அவருக்குத் தெரிந்தது போல இருந்தது, மீசை இல்லாமல், சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டு.

தூண் பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் முதுகுப் பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே அந்தப் பட்டை, சுருட்டி வைத்திருந்தது.

"அது எதுக்குடா?"

"எது?"

"பையில."

தூண் பையைப் பார்த்தான். ஜிப்பை இழுத்து மூடினான். "சும்மா" என்றான். இன்றைய நாலு வாக்கியத்தில் ஒன்று போயிற்று.

மேலே போகப் போக மதில்கள் குறைந்து, அடிமட்டச் சுவர்கள் மட்டும் மிஞ்சின. ஒரு காலத்தில் அறைகளாக இருந்தவை இடுப்பு உயரச் சதுரங்களாகக் கிடந்தன. வாசல் இருந்தது, வீடு இல்லை. யாரோ ஒருவன் இந்த வாசற்படிக்கு அளவெடுத்திருப்பான், அவனுக்கும் இரண்டு கூட்டாளிகள் இருந்திருப்பார்கள், அவர்களும் அவனுக்குத் தெரியாமல் எங்கேயாவது போய்வந்திருப்பார்கள் என்று அளவுக்காரர் நினைத்தார். இந்த நினைப்பில் ஒரு குரூரமான திருப்தி இருந்தது. ரேடியோ ஏதோ ராஜா, ஏதோ முற்றுகை என்று கதைவிட்டுக்கொண்டே போனான். எல்லாம் கவுன்ட்டர் பலகையில் எழுதியிருந்தது, அதையே உப்பும் காரமும் சேர்த்துச் சொன்னான். சாதாரண நாளில் அளவுக்காரர் சிரித்திருப்பார்.

சுனையைப் பார்த்ததும் ரேடியோ, "அடடே, இங்க தண்ணி இருக்கே!" என்றான். நடிப்பு அவனுக்குச் சுத்தமாக வரவில்லை. சுனைக்குப் பக்கத்தில் ஒரு மரம், மரத்தடியில் சாய்வான கல், கல்லின் காலில் வட்டம். பன்னிரண்டாவது வட்டம். ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துப் பிரித்தார்கள். அளவுக்காரர் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தார். சொகுசாக இருந்தது. முதுகுக்குச் சரியாக, வெயில் படாமல், கை எட்டும் தூரத்தில் தண்ணீர்.

முட்டையை உரித்துக்கொண்டிருந்தவர் கை நின்றது.

முதல் வட்டம் மதில் நிழலில் இருந்தது. இரண்டாவது ஒரு திண்டின் பக்கத்தில், அதிலும் நிழல். மூன்றாவது பாறை இடுக்கில், காற்று வருகிற இடம். செதுக்காத கல்லுக்குப் பக்கத்தில் இருந்ததும் அப்படித்தான். பன்னிரண்டு வட்டத்திலும் உட்கார ஒரு கல் இருந்தது. சாய்த்து வைக்க நல்ல நேரான சுவர் இருந்த இடங்களில், அவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கக்கூடிய இடங்களில், ஒரு வட்டம்கூட இல்லை. அங்கெல்லாம் வெயில்.

கண்ணாடிக்கு எதுக்கு நிழல்?

அவர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ அவரைப் பார்க்காமல், அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தான் என்று பட்டது. ஆஸ்பத்திரித் தராசில் தன் எடை எழுபத்தாறு என்று நர்ஸ் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அவர் முட்டையை உரித்து முடித்து, உப்பு போடாமல் தின்றார். கோபமா, வெட்கமா, வேறு எதுவுமா என்று அவருக்கே தெரியவில்லை. திருட்டுக் கூட்டாளிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் ஒரு வலுவாவது இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. அவர்கள் தூக்கிப் போகிற பொருளாக அவரே ஆகிவிட்டிருந்தார்.

சுனையிலிருந்து உச்சிக்கு ஒரே ஒரு படிக்கட்டு, செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல். அதன் அடிக்கு வந்ததும் ரேடியோ இடுப்பில் கை வைத்து நின்று, "இங்கிருந்தே எல்லாம் தெரியுதுல்ல? போதும்ல?" என்றான். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை, படிக்கட்டும் மேலே ஒரு சுவரின் முதுகும்தான் தெரிந்தன. அளவுக்காரர் வலது பக்கம் குனிந்து பார்த்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் படியின் பக்கவாட்டில் பெருக்கல் குறி, கல்லில் வெள்ளை அப்பும்படி அழுத்திப் போட்டது.

"யாரு போட்டது?"

ரேடியோ தூணைப் பார்த்தான்.

"நான்" என்றான் தூண்.

"பெருக்கல் போட உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. பயமா இருந்துச்சு. போட்டுட்டேன்."

அவ்வளவுதான், ரேடியோவின் அணை உடைந்தது. "போன ஞாயித்துக்கிழமை வந்தோம் அண்ணே. சத்தியமா உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல. நீங்க அதைப் பாக்கணும்னு சொன்னீங்க, கூட்டிட்டு வந்து நடுவழியில ஏதாவது ஆச்சுன்னா? அதான் எங்கெங்க உக்காரலாம்னு பாத்தோம். இவரு முதுகுல பட்டையைக் கட்டி என்னை ஏத்திக்கிட்டு சுனையிலேருந்து கீழ வரைக்கும் இறங்கிப் பாத்தாரு. நான் உங்களை விட இருபது கிலோ கம்மி, அதனால பையில கல்லை ரொப்பி என் மடியில வெச்சுக்கிட்டேன். வழியெல்லாம் போறவன் வரவன் எல்லாம் சிரிச்சான் அண்ணே."

அளவுக்காரருக்கும் அந்தக் காட்சி கண்ணில் வந்தது. தூணின் முதுகில் ரேடியோ, ரேடியோவின் மடியில் கல் மூட்டை, மூவருக்கும் சேர்த்து ஒரு பட்டை. சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. அவர் மூன்று இடத்தில் அளக்கிற ஆள்.

"டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"உன்கிட்ட சொன்னதைத்தான்" என்றான் தூண்.

"என்கிட்ட நடக்கலாம்னு சொன்னாரு."

"எங்ககிட்டயும் அதான்."

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது. தூண் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

அவர் கைக்குட்டையை எடுத்தார். பாட்டில் தண்ணீரில் நனைத்து, குந்தி உட்கார்ந்து, பெருக்கலைத் துடைத்தார். போட்டவன் யாராக இருந்தாலும் அழிக்கிற உரிமை அவருக்குத்தான், அதில் அவர்கள் யாரும் வாதாட வரவில்லை. அழுத்திப் போட்டிருந்ததால் லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கைக்குட்டை வெளுத்தது. எழுந்தபோது கண் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் முன்னாடி போறேன்" என்றார்.

"இன்னிக்கு வேணாம்டா" என்றான் தூண். "நடுவுல வா."

இருபத்திரண்டு வருஷத்தில் ரேடியோவின் குரலைக் கேட்டு அவர் நடந்தது அதுதான் முதல் தடவை. ரேடியோ பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே சொன்னான், "படி... படி... உயரமான படி... இடது கால் வைக்காதீங்க, கல்லு ஆடுது." அவர் சொல்லிச் சொல்லி வந்த அதே ராகம். எங்கே மூச்சு விடுவார், எங்கே இழுப்பார் என்பது உள்பட. இவன் இத்தனை வருஷமும் கண்ணாடியை மட்டும் தூக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. பின்னால் தூணின் இரண்டு கைகளும் அவர் முதுகைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி விரிந்திருக்கும் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் அப்படித்தான் வருவான்.

"அது படி இல்லடா, உடைஞ்ச கல்லு. படின்னு சொன்னா கால் தேடும்" என்றார், மூச்சுக்கு நடுவில்.

"சரி அண்ணே. உடைஞ்ச கல்லு... படி... படி..."

பத்தொன்பதாவது படியில் அவரால் முடியவில்லை. நெஞ்சில் வலி இல்லை, ஆனால் மூச்சு மேலே வர மறுத்தது. இன்னும் இருபது படியாவது இருக்கும். நின்றார். உட்காரலாம் என்று வலது பக்கச் சுவரைப் பிடித்தபோது, உள்ளங்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குறி இருந்தது.

வட்டம்தான். ஆனால் முழங்கால் உயரத்தில் இல்லை, இடுப்பு உயரத்தில். நடுவில் புள்ளி இல்லை. தொழில் தெரியாத கை. ஒருமுறை சுற்றி, போதாதென்று அதன் மேலேயே இன்னொருமுறை சுற்றியிருந்தது.

இரண்டு சுற்று.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் தைலம் தேய்த்த முழங்கால் ஞாபகம் வந்தது. முந்நூறு படிக்கு மேல். வீட்டு மாடி ஏறவே அலுத்துக்கொள்கிறவள்.

"அண்ணி வந்திருந்தாங்க" என்றான் ரேடியோ மெதுவாக. "பெருக்கல் போட்டதும், ஏன் இதுக்கு மேல முடியாதுன்னு இவரோட சண்டை. நாங்க சொல்லச் சொல்லக் கேக்கல, உக்காந்து உக்காந்து ஏறி வந்தாங்க. இங்க வந்து உக்காந்து, சாக்பீஸைக் குடுன்னு வாங்கி அவங்களே போட்டாங்க. இது வரைக்கும் வரட்டும், இங்கேருந்து தெரியுதுன்னாங்க."

அளவுக்காரர் அவள் உட்கார்ந்த படியில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தினார். சுவரின் முதுகு விலகிவிட்டிருந்தது. இடது பக்கமாக மண்டபம் தெரிந்தது, அதில் அந்த ஜன்னல். ஃபோட்டோவில் பார்த்ததைவிடப் பெரியது. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது, வலது பக்கம் ஒரு விரல் சாய்வு. அதற்குள் வானம் மட்டும். தூண் இரண்டு படி கீழே உட்கார்ந்தான். ரேடியோ மேலே நின்றபடியே திரும்பிப் பார்த்தான். அளவுக்காரருக்கு அந்த இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மூச்சு ஒழுங்குக்கு வரும்வரை காத்திருந்தார். சுவரில் இருந்த இரட்டை வட்டத்தை விரலால் தொட்டார். இதே கை, இதே சுற்று, காலண்டரில். அது கேஸ் இல்லை, ஆஸ்பத்திரித் தேதி என்று அவருக்கு இப்போது பட்டது.

"வியாழக்கிழமை என்னடா?" என்றார்.

தூண் கீழே சுனையைப் பார்த்தான். ரேடியோ, தூக்கத்திலும் பேசுவதாக அவன் பெண்டாட்டி புலம்புகிற ரேடியோ, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமும் இருக்கவில்லை. பள்ளத்திலிருந்து ஒரு பறவை கிளம்பி, இறக்கையை மடக்காமல் நேராக அந்த ஜன்னலை நோக்கி வந்தது. எத்தனையோ காலைகளில், தாங்கள் மாட்டிய கண்ணாடிகளுக்குக் கீழே, மோதி விழுந்து இன்னும் சூடு ஆறாத சின்ன உடம்புகளைத் துணியில் பொறுக்கி எடுத்தவர்கள் அவர்கள். அந்த மோதல் சத்தத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். இப்போது மூன்று பேருமே மூச்சைப் பிடித்தார்கள். தூணின் கை அவனை அறியாமல் எழுந்து அளவுக்காரரின் முழங்காலைப் பற்றிக்கொண்டது.

பறவை ஜன்னலுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வானத்தில் போய்க்கொண்டிருந்தது.